ஈரம் அடைத்த வெடிப்பு: புதுச்சேரியில் ஒரு ஹீலியம் கசிவுத் தேடல்

பின்னணி

மாசி மாதக் கடைசியில் ஒரு மருந்து ஆலையிலிருந்து அழைப்பு வந்தது. புதுச்சேரி எல்லைக்குள், கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஆலை. அங்கே ஒரு ஃப்ரீஸ் டிரையர் மூன்று மாதமாக லீக் டெஸ்டில் தேறுவதும் தவறுவதுமாக இருந்தது. நான் இருப்பது கடலூர் மஞ்சக்குப்பத்தில். பதினேழு வருடமாக ஹீலியம் லீக் டிடெக்டரை வண்டியில் ஏற்றிக்கொண்டு இந்தக் கடற்கரைப் பக்கத்து ஆலைகளுக்குப் போய்வருவதுதான் என் தொழில். ஆலையின் பெயர் இங்கே தேவையில்லை. ஆனால் நடந்ததை முழுதாக எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது. கடலோரத்தில் துருப்பிடிக்காத எஃகு இயந்திரம் வைத்திருக்கும் யாருக்கும் இதே பிரச்சினை வரலாம்.

ஃப்ரீஸ் டிரையரை ஆலைக்காரர்கள் ‘லயோ’ என்று சுருக்கிச் சொல்வார்கள். மருந்துக் கரைசலைக் குப்பிகளில் ஊற்றி, சேம்பருக்குள் அடுக்கி உறைய வைப்பார்கள். பிறகு காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்கினால் பனிக்கட்டி உருகாமலே ஆவியாகப் போய்விடும், குப்பியில் மருந்துத் தூள் மட்டும் நிற்கும். வெளியேறுகிற ஆவியை மைனஸ் 60 டிகிரியில் இருக்கும் கண்டன்சர் பனியாகப் பிடித்துக்கொள்ளும். தண்ணீரில் நெடுநாள் தாங்காத ஊசி மருந்துகள் பல இந்த வழியில்தான் தூளாகின்றன. இப்படிப்பட்ட சேம்பரில் ஓட்டை இருந்தால் உள்ளே போவது வடிகட்டாத காற்று. அதில் கிருமி இருக்கும். அந்தக் குப்பி கடைசியில் யாரோ ஒருவருடைய நரம்பில் ஏறப்போகிறது. லீக் டெஸ்டை வெறும் சடங்காக என்னால் நினைக்க முடிந்ததே இல்லை.

இயந்திரத்துக்கு வயது ஏழு. பழைய கூடத்திலிருந்து புதுக் கூடத்துக்கு இடம் மாற்றியிருந்தார்கள். மாற்றிய பிறகு எல்லாம் சரியாக ஓடுகிறதா என்று தண்ணீர் நிரப்பிய குப்பிகளை வைத்துச் சரிபார்ப்பு ஓட்டங்கள் நடந்துகொண்டிருந்தன. விற்பனைக்கான மருந்து அதில் ஏறவில்லை. அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

சேம்பரும் கண்டன்சரும் சேர்ந்து 2,000 லிட்டர் கொள்ளளவு. அவர்கள் வைத்திருந்த வரம்பு வினாடிக்கு 0.02 மில்லிபார் லிட்டர். இந்த அலகு புதியவர்களுக்குக் குழப்பமாக இருக்கும். 1 லிட்டர் பாத்திரத்தில் ஒரு வினாடியில் அழுத்தம் 1 மில்லிபார் ஏறினால், கசிவு வினாடிக்கு 1 மில்லிபார் லிட்டர். 2,000 லிட்டர் கூட்டில் வால்வை மூடிவிட்டு அரை மணி நேரம் காத்திருந்தால், வரம்புப்படி அழுத்தம் 0.018 மில்லிபாருக்கு மேல் ஏறக்கூடாது. தவறிய நாட்களில் 0.06 வரை ஏறியிருந்தது. கணக்குப் போட்டால் வினாடிக்கு 0.067 மில்லிபார் லிட்டர், வரம்பைப் போல மூன்று மடங்குக்கும் மேல்.

எனக்கு முன்னால் வேறொருவர் ஹீலியம் வைத்துப் பார்த்திருக்கிறார். கதவைச் சுற்றிப் பிளாஸ்டிக் தாள் ஒட்டி, அந்தத் தாளுக்குள் ஹீலியத்தைத் திறந்துவிட்டிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் டிடெக்டரில் எண் ஏறியது. கதவைச் சுற்றியுள்ள ரப்பர் அடைப்பான கேஸ்கட்தான் ஓட்டை என்று முடிவு செய்து மாற்றச் சொல்லிவிட்டார். மாற்றினார்கள், மறுபடி பார்த்தார்கள், மறுபடியும் ஏறியது. இப்படி ஒன்றரை சிலிண்டர் தீர்ந்தது. 7 கன மீட்டர் சிலிண்டர் அது. 10 கன மீட்டருக்கும் மேல் ஹீலியம் காற்றோடு போய்விட்டது, டெஸ்ட் தேறவில்லை.

பராமரிப்புப் பொறுப்பில் இருந்த மேடம் முதல் பேச்சிலேயே சொல்லிவிட்டார்: “சார், கேஸ்கட் ரெண்டு தடவை மாத்தியாச்சு. மூணாவது தடவை மாத்தச் சொல்றதா இருந்தா இப்பவே சொல்லிடுங்க.”

லாக்புக்

போன உடனே டிடெக்டரை இறக்கவில்லை. லாக்புக்கைக் கேட்டேன். மூன்று மாதத்தில் 14 டெஸ்ட். ஒன்பது தவறியவை, ஐந்து தேறியவை. இருக்கிற ஓட்டை எப்போதும் இருக்க வேண்டும் அல்லவா? ஒரு நாள் இருந்து ஒரு நாள் மறைகிற ஓட்டை என்றால் அதற்குக் காரணம் இருக்கும். அந்தக் காரணம் தேதிகளுக்குள் ஒளிந்திருக்கும்.

எதிர்ப் பக்கத்தில் வேறொரு பதிவேடு இருந்தது. இயந்திரத்துக்கு எந்த நாளில் ஆவி ஏற்றினார்கள் என்பது அதில். கிருமி நீக்க 121 டிகிரி ஆவியை உள்ளே விடுவது வழக்கம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தவறிய ஒன்பதில் எட்டு, முந்தைய இரவு ஆவி ஏற்றிய பிறகு செய்தவை. தேறிய ஐந்தும் ஆவி ஏற்றாத நாட்கள்.

மேடத்திடம் காட்டினேன். அவருக்கு அது ஏற்கெனவே தெரியும். “ஆவி ஏத்தினா உள்ள ஈரம் நிக்கும் சார். அந்த ஈரம் ஆவியாகித்தான் அழுத்தம் ஏறுதுன்னு எல்லாரும் சொல்றாங்க” என்றார். நியாயமான விளக்கம்தான். அன்று மதியம் வரை நானும் அதைத்தான் நம்பினேன்.

ஆனால் ஈரம் ஏற்றுகிற அழுத்தமும் ஓட்டை ஏற்றுகிற அழுத்தமும் ஒரே மாதிரி ஏறுவதில்லை. ஈரம் தொடக்கத்தில் வேகமாக விடும், போகப் போக அடங்கும். வரைபடத்தில் கோடு வளைந்து படுத்துவிடும். ஓட்டை அப்படியில்லை. வெளியே காற்று மண்டலம் ஒரே அழுத்தத்தில் நிற்கிறது, உள்ளே ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆகவே காற்று ஒரே சீராக வந்துகொண்டே இருக்கும், கோடு நேராக ஏறும். ஆலையில் எழுதிவைத்திருந்தது தொடக்க எண்ணும் அரை மணி கழித்து வந்த எண்ணும் மட்டும். இரண்டு புள்ளியை வைத்து நேர்க்கோடா வளைகோடா என்று யாரால் சொல்ல முடியும்?

அன்று இரவு ஆவி ஏற்றி, உலர விட்டு, மறுநாள் காலை கண்டன்சரைக் குளிரவைத்து டெஸ்ட் போட்டோம். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை, ஒரு மணி நேரம் முழுக்க எண்ணைக் குறித்தோம். முதல் பதினைந்து நிமிடம் கோடு வளைந்தது. அது ஈரம். அதற்குப் பிறகு அளவுகோலை வைத்துப் போட்டதுபோல நேராக ஏறிக்கொண்டே போனது. ஓட்டை இருப்பது உறுதியானது. அதைவிட ஒன்று மனதை உறுத்தியது: ஆவி ஏற்றினால் திறக்கிறது, ஏற்றாவிட்டால் மூடிக்கொள்கிறது.

மூத்த ஃபிட்டர் அண்ணன் ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் கேட்காமலே ஒன்று சொன்னார். “தம்பி, சும்மா காலியா ஓட்டுற நாள்லயும் கண்டன்சர் காயில்ல பூ பூத்த மாதிரி பனி பிடிக்குது. குப்பியே இல்லாதப்ப எங்கேருந்து தண்ணி வருது?” காயில் என்று அவர் சொன்னது கண்டன்சருக்குள் இருக்கும் குளிர்ச் சுருளை. எந்த நாட்களில் என்று கேட்டேன். யோசித்துவிட்டு, “திங்கக்கிழமைல” என்றார். சனிக்கிழமைதோறும் இயந்திரத்தின் பின்பக்கத்து அறையைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவார்கள் என்பதை அவரே சேர்த்துச் சொன்னார். திங்கட்கிழமை டெஸ்ட்கள் எல்லாம் தேறியிருந்தன. இந்த வழக்கில் பாதியைத் தீர்த்தது அந்த ஒரு பேச்சு. என் கருவியால் அதைச் சொல்லியிருக்க முடியாது.

ஹீலியம் ஏன்?

தேடலுக்குப் போகும் முன், ஏன் ஹீலியம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல்தான் ஒன்றரை சிலிண்டர் வீணானது.

காற்றில் ஹீலியம் மிகக் குறைவு, பத்து லட்சத்தில் 5 பங்குதான். அதனால் உள்ளே ஹீலியம் தெரிந்தால் அது நாம் வெளியே பீய்ச்சியதாகத்தான் இருக்க வேண்டும். எதோடும் வினை புரியாது, எரியாது, நஞ்சில்லை. தனி அணுவாகவே திரிகிற சிறிய பொருள் என்பதால் நுண்ணிய வழியிலும் நுழைந்துவிடும். டிடெக்டருக்குள் இருப்பது ஒரு நிறை நிறமாலைமானி. வருகிற வாயுவை மின்னேற்றி, காந்தப் புலத்தில் வளைத்து, நிறை 4 உள்ளதை மட்டும் எண்ணும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்காவின் அணுகுண்டுத் திட்டத்தில், யுரேனியத்தைச் செறிவூட்டும் ஆலையின் குழாய்களில் ஓட்டை தேட ஆல்ஃபிரட் நீர் என்ற இயற்பியலாளர் வடிவமைத்த கருவியின் வழிவந்ததுதான் என் வண்டியில் இருப்பது.

இந்தத் தனிமத்தின் கதையே தவறான அடையாளத்தில் தொடங்குகிறது. 1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணம் நம் பக்கத்தைக் கடந்தது. பிரெஞ்சு வானியலாளர் ஜான்சன் குண்டூரிலும், சென்னை வானாய்வகத்தின் போக்சன் மசூலிப்பட்டினத்திலும் ஒளியைப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானியோடு காத்திருந்தார்கள். சூரிய விளிம்பின் ஒளியில் ஒரு மஞ்சள் கோடு இருந்தது. மஞ்சள் என்றால் சோடியம் என்று கடந்து போவது எளிது. சோடியத்தின் இரட்டைக் கோடுகள் 589.0, 589.6 நானோமீட்டரில் நிற்கும். இந்தக் கோடு நின்றதோ 587.6-இல். சோடியத்தின் இடத்தில் அது இல்லை என்பதைப் போக்சன் கவனித்துக் குறித்தார். அதே வருடம் அக்டோபரில் இங்கிலாந்தில் லாக்யர் கிரகணம் இல்லாமலே அந்தக் கோட்டைப் பார்த்தார். சூரியனுக்குரிய கிரேக்கச் சொல்லிலிருந்து ஹீலியம் என்ற பெயர் வந்தது. பூமியில் அது கையில் கிடைத்தது 1895-இல். கிளீவைட் என்ற யுரேனியக் கனிமத்தை அமிலத்தில் இட்டபோது வெளிவந்த வாயுவில் ராம்சே அதைக் கண்டார். அதற்குச் சில வருடம் முன்பே இதே மாதிரிக் கனிமத்திலிருந்து அதே வாயுவை எடுத்த ஹில்லிபிராண்ட், அதை நைட்ரஜன் என்று எண்ணிவிட்டார். வினை புரியாத வாயு, நைட்ரஜன் மாதிரியே இருந்தது. ஈரம் என்று எங்கள் ஆலையில் சொன்னதும், கேஸ்கட் என்று முன்னவர் சொன்னதும் இப்படிப்பட்ட தவறுகள்தான். கண்ணில் பட்டது உண்மை, வைத்த பெயர் தவறு.

யுரேனியக் கனிமத்தில் ஹீலியம் ஏன் இருக்கிறது? யுரேனியமும் தோரியமும் சிதையும்போது ஆல்ஃபா துகள்களை வெளிவிடுகின்றன. ஆல்ஃபா துகள் என்பது ஹீலியத்தின் அணுக்கரு. பக்கத்திலிருந்து இரண்டு எலக்ட்ரானைப் பிடித்துக்கொண்டால் ஹீலியம் அணு. ஒரு யுரேனியம் 238 அணு ஈயமாகி முடிவதற்குள் எட்டு ஹீலியம் அணுவைத் தரும். தோரியம் 232 ஆறு தரும். கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி மணலில் உள்ள மோனசைட் என்ற கனிமத்தில் தோரியம் இருக்கிறது, அந்த மணிகளுக்குள்ளும் ஹீலியம் அடைபட்டிருக்கிறது. பாறையிலிருந்து தப்புகிற ஹீலியம், மேலே உப்பு போன்ற இறுக்கமான அடுக்கு மூடியிருந்தால் இயற்கை எரிவாயுவோடு தங்கும். இல்லையென்றால் காற்றில் கலந்து, மெல்ல மெல்ல வான்வெளிக்கே போய்விடும்.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு முயற்சி நடந்திருக்கிறது. மயிலாடுதுறை மாவட்டம் குத்தாலத்தில் ஓஎன்ஜிசி எடுக்கும் எரிவாயுவில் சுமார் 0.05 சதவீதம் ஹீலியம் உண்டு. அதைப் பிரித்தெடுக்க அணுசக்தித் துறையின் கொல்கத்தா விஞ்ஞானிகள் அங்கே ஒரு சோதனை நிலையம் அமைத்தார்கள். அழுத்தத்தை ஏற்றியும் இறக்கியும், மற்ற வாயுக்களை உறிஞ்சுபொருளில் பிடித்துவைத்து, ஹீலியத்தை மட்டும் முன்னே தள்ளுகிற முறை அது. மேற்கு வங்கம் பக்ரேஷ்வர் வெந்நீர் ஊற்றில் குமிழியிடும் வாயுவில் 1 சதவீதத்துக்கு மேல் ஹீலியம் இருப்பதை வைத்தும் அவர்கள் பல வருடம் உழைத்தார்கள். ஆனாலும் நாம் பயன்படுத்தும் ஹீலியம் ஏறக்குறைய எல்லாமே இறக்குமதிதான். 2017 ஜூனில் கத்தார் மீது அண்டை நாடுகள் தடை போட்டபோது அங்கே ஹீலியம் ஆலைகளை நிறுத்த வேண்டி வந்தது, உலகச் சந்தையே ஆடியது. மருத்துவமனை எம்ஆர்ஐ இயந்திரத்தின் காந்தச் சுருளை 4 கெல்வினுக்குக் குளிர்விக்கிற அதே ஹீலியத்தைத்தான் நான் ஆலைத் தரையில் பீய்ச்சுகிறேன். கணக்குப் பார்க்காமல் திறந்துவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. அதை மறைக்க விரும்பவில்லை.

தேடல்

டிடெக்டரை வெற்றிட பம்பின் பின்குழாயில் இணைத்தோம். பம்ப் வினாடிக்கு 50 லிட்டர் இழுக்கிறது. 2,000 லிட்டரை 50-ஆல் வகுத்தால் 40 வினாடி. ஓட்டை வழியாக ஹீலியம் புகுந்தால், டிடெக்டரில் எண் தன் முழு உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கை எட்ட 40 வினாடி ஆகும், முழுதாக நிலைக்க இரண்டு நிமிடம். அளவு தெரிந்த ஒரு செயற்கைக் கசிவை சேம்பரின் தூரத்து மூலையில் பொருத்தி இதைச் சரிபார்த்தோம். கணக்கும் கருவியும் ஒத்துப்போயின. இந்தப் பத்து நிமிட வேலையை விட்டுவிட்டால் அப்புறம் வருகிற எந்த எண்ணையும் நம்ப முடியாது.

முதலில் கதவு. ஸ்ப்ரே கன்னின் முனையைத் தண்ணீரில் வைத்து, வினாடிக்கு ஒன்றிரண்டு குமிழி வரும் அளவுக்குத் திருகைச் சரிசெய்துகொண்டேன். கேஸ்கட் ஓரமாகப் பிளாஸ்டிக் தாள் ஒட்டி, முன்னவர் செய்ததுபோலவே ஹீலியம் விட்டேன். மேடத்தின் கையில் கடிகாரம். ஒரு நிமிடம், ஒன்றுமில்லை. இரண்டு, மூன்று நிமிடம், ஒன்றுமில்லை. நான்கு நிமிடம் தாண்டிய பிறகு எண் மெல்ல ஊர்ந்தது. இருபதாவது நிமிடத்தில் 0.0003-இல் நின்றது. தாளைப் பிரித்து விசிறியை வைத்து ஊதினோம். அப்போதும் எண் உடனே இறங்கவில்லை, கொஞ்ச நேரம் அதே இடத்தில் நின்று பிறகுதான் சரிந்தது.

ஓட்டையாக இருந்தால் 40 வினாடிக்குள் பேசியிருக்கும். நான்கு நிமிடம் தாமதித்து ஊர்கிறது என்றால், ஹீலியம் சிலிக்கோன் ரப்பரின் உடம்பு வழியாகவே ஊடுருவி வருகிறது. சிலிக்கோன் ரப்பர் ஹீலியத்துக்குச் சல்லடை மாதிரி. புது கேஸ்கட்டும் அப்படித்தான் காட்டும், நூறு முறை மாற்றினாலும் காட்டும். அளவையும் பாருங்கள். நாம் தேடுவது 0.067. இது 0.0003, இருநூறு மடங்குக்கும் மேல் சிறியது. இந்த ஒரு வகுத்தலைப் போட்டிருந்தாலே இரண்டு கேஸ்கட் மிச்சம்.

பிறகு மேலிருந்து கீழே வந்தோம். ஹீலியம் காற்றைவிட இலேசு, மேலே போகும். கீழே தொடங்கினால் கீழே விட்டது மேலே உள்ள ஓட்டையில் புகுந்து ஆளைக் குழப்பும். மேல் குழாய்கள், அழுத்தமானி பொருத்திய இடம், வெப்பமானி கம்பிகள் நுழையும் இடம், குப்பிகளுக்கு மூடி அமுக்கும் தண்டின் பெல்லோஸ், பார்வைக் கண்ணாடி எல்லாம் சுத்தம். ஒவ்வொன்றுக்கும் மூன்று நிமிடம். அவசரப்பட்டால் ஒன்றின் பதிலை அடுத்ததன் கணக்கில் எழுதிவிடுவோம்.

மாலை நான்கு மணிக்கு அடிப்பாகத்துக்கு வந்தோம். அங்கே தண்ணீர் வடியும் குழாய். அதைச் சுற்றி ராக்வுல் என்ற வெப்பக் காப்புக் கம்பளி, அதன் மேல் மெல்லிய எஃகுத் தகட்டுக் கிளாடிங். கிளாடிங்கின் மேல் பீய்ச்சினேன். ஒன்றரை நிமிடம் கழித்து எண் ஏறத் தொடங்கியது. வேகமும் இல்லை, கேஸ்கட் மாதிரி ஊர்வதும் இல்லை, இரண்டுக்கும் நடுவே. ஆனால் ஏறிக்கொண்டே போனது. கதவு காட்டியதைப் பத்தே நிமிடத்தில் தாண்டியது. உறைக்குள் ஹீலியம் நுழைந்து, கம்பளிக்குள் பரவி, ஓட்டையைத் தேடிப்போக நேரம் எடுக்கிறது என்று தோன்றியது. ஒரு திருகாணியைக் கழற்றி, அந்தத் துளை வழியாக மெல்லிய ஊசிக் குழாயைச் செருகி விட்டேன். நாற்பதாவது வினாடியில் எண் இரண்டு படி தாண்டியது. அண்ணன் என் தோளைத் தட்டினார்.

அன்றைக்கு அதோடு நிறுத்திவிட்டோம். ராக்வுல்லுக்குள் ஹீலியம் புகுந்துவிட்டால் மணிக்கணக்கில் தங்கும். அந்த நிலையில் எங்கே பீய்ச்சினாலும் எல்லா இடமும் ஓட்டை மாதிரித் தெரியும். இரவு முழுக்க விசிறி ஓடட்டும் என்று விட்டுவிட்டு வந்தேன்.

கிளாடிங்குக்குக் கீழே

மறுநாள் காலை தகட்டைக் கழற்றினோம். ராக்வுல் மேலே காய்ந்திருந்தது, உலோகத்தைத் தொடும் பக்கம் ஊறிப்போயிருந்தது. பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. குழாய் சேம்பரோடு சேரும் வெல்டிங்கைச் சுற்றிப் பழுப்புக் கறை, அதன் மேல் வெள்ளையாக உப்புப் பொருக்கு. ஆய்வகத்திலிருந்த பெண் ஒருவர் கொஞ்சம் சுரண்டித் தண்ணீரில் கரைத்து வெள்ளி நைட்ரேட் ஒரு சொட்டு விட்டார். பால் மாதிரி வெளுத்தது. குளோரைடு.

வெல்டிங்கைத் துடைத்து, சூடான காற்றில் உலர்த்திவிட்டு ஹீலியத்தை மெல்ல நகர்த்தினேன். வெல்டிங்கின் விளிம்பில், நடுவிரல் நகம் அளவுக்கு ஒரு இடம். அங்கே போனால் எண் பாய்ந்தது, நகர்ந்தால் இறங்கியது. கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை.

அப்போதுதான் அண்ணன் கேட்ட கேள்விக்குப் பதில் செய்து காட்ட முடிந்தது. ஒரு துணியைத் தண்ணீரில் நனைத்து அந்த இடத்தில் வைத்தேன். சுற்றிலும் ஹீலியம் போய்க்கொண்டிருந்தது. ஒரு நிமிடத்துக்குள் எண் கீழே விழுந்து, ஓட்டையே இல்லாத சேம்பர் மாதிரி நின்றது. துணியை எடுத்து ஹாட் ஏர் கன்னால் காய வைத்தேன். எண் திரும்ப எழுந்தது. மூன்று முறை செய்தோம், மூன்று முறையும் அப்படியே.

நடந்தது இதுதான். வெடிப்பு மிக மெல்லியது. சனிக்கிழமை கழுவும் தண்ணீர் கிளாடிங் இடுக்கு வழியாக ராக்வுல்லில் இறங்கி, வெடிப்பை நிரப்பிவிடும். தண்ணீர் நிற்கும் நுண்வழியில் காற்று நுழையாது. வெற்றிடம் அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுக்கும். உள்ளே வந்தது ஆவியாகி, மைனஸ் 60 டிகிரி கண்டன்சரில் பனியாக ஒட்டிக்கொள்ளும். அழுத்தமானிக்கு எதுவும் தெரியாது. டெஸ்ட் தேறும். திங்கட்கிழமைப் பனிப்பூ அங்கேயிருந்து வந்தது. ஆவி ஏற்றினால் 121 டிகிரி சூட்டில் கம்பளியின் அடிப்பக்கமும் வெடிப்பும் காய்ந்துவிடும். காற்று புகும். டெஸ்ட் தவறும்.

அதாவது தவறிய நாட்களில் உள்ளே வந்தது காற்று. தேறிய நாட்களில் உள்ளே வந்தது, தரையைக் கழுவிய தண்ணீர். இதைச் சொன்னபோது அறையில் யாரும் பேசவில்லை. மேடம் லாக்புக்கைத் திரும்ப எடுத்து, தேறியவை என்று குறித்திருந்த ஐந்து தேதிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் மருந்து ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றுதான் அவரும் நினைத்திருப்பார்.

சிவப்புச் சாயத்தை வெடிப்பில் ஊறவிட்டுப் பார்க்கும் டிபி டெஸ்ட் போட்டதும் வெடிப்பு கண்ணுக்குத் தெரிந்தது. ஒற்றைக் கோடு இல்லை, மரக்கிளை மாதிரிப் பிரிந்து பிரிந்து போயிருந்தது. எஃகு களைத்து உடைந்தால் இப்படிக் கிளைக்காது. குளோரைடு, 60 டிகிரிக்கு மேல் சூடு, வெல்டிங் விட்டுப்போன இழுவிசை, இந்த மூன்றும் ஒரே இடத்தில் கூடினால் துருப்பிடிக்காத எஃகு இப்படித்தான் வெடிக்கும். பழைய கூடத்திலும் புதுக் கூடத்திலும் தரை கழுவியது போர்வெல் தண்ணீரால். கடலுக்கு இவ்வளவு அருகில் போர் தண்ணீர் எப்படி இருக்கும் என்பது இந்தக் கரையில் குடியிருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு முறை ஆவி ஏற்றும்போதும் தண்ணீர் மட்டும் போய்விடும், உப்பு தங்கிவிடும். ஏழு வருடம் அப்படிச் சேர்ந்திருக்கிறது.

பழுது நீக்கம்

மேலே ஒரு வெல்டிங் போட்டு மூடிவிடலாமா என்று ஆலையில் ஒருவர் கேட்டார். கூடாது. கிளைத்த வெடிப்பின் மேல் சூடு வைத்தால் அது பக்கத்தில் நீளும். குழாயோடு சுற்றியுள்ள தகட்டையும் வெட்டியெடுத்து, வெட்டிய ஓரத்தில் மறுபடி டிபி போட்டு வெடிப்பு மிச்சமில்லை என்று பார்த்த பிறகு, புதுத் துண்டை வைத்து ஆர்கான் வெல்டிங் செய்தார்கள். உள்பக்கம் வழவழப்பாக மெருகேற்றினார்கள்.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொன்னேன்: தண்ணீர் அழுத்த சோதனை எதுவும் வைப்பதாக இருந்தால், ஹீலியம் டெஸ்ட் முடிந்த பிறகு வையுங்கள். முதலில் தண்ணீரை ஏற்றிவிட்டால் மெல்லிய ஓட்டைகள் எல்லாம் அடைத்துக்கொள்ளும், அப்புறம் ஹீலியமும் பொய் சொல்லும். எத்தனையோ பட்டறைகளில் இந்த வரிசை தலைகீழாகத்தான் நடக்கிறது.

கம்பளிக்குப் பதில் தண்ணீர் உறிஞ்சாத, குளோரைடு குறைந்த நுரைக் காப்பு போட்டார்கள். கிளாடிங் இணைப்புகளை அடைத்தார்கள். பின்னறையைக் கழுவச் சுத்திகரித்த தண்ணீர், அதுவும் துடைப்பான் மட்டும், குழாய் பீய்ச்சுவது இல்லை.

மறு சோதனையை மூன்று நிலையில் வைத்தோம்: ஆவி ஏற்றாமல், ஆவி ஏற்றி உலர்ந்தபின், பின்னறையைச் சோதனைக்காகப் பழையபடி நனைத்துவிட்ட மறுநாள். அரை மணி நேரத்தில் மூன்றிலும் ஏறியது 0.007 மில்லிபாருக்குள். வினாடிக்கு 0.008-ஐத் தொடவில்லை. முக்கியமானது, மூன்றும் ஒரே மாதிரி இருந்தன. நனைத்த மறுநாள் கண்டன்சரைத் திறந்து அண்ணன் டார்ச் அடித்துப் பார்த்தார். காயில் சுத்தமாக இருந்தது.

மூன்று நாளில் நான் செலவழித்த ஹீலியம் 100 லிட்டருக்கும் குறைவு. முன்பு போனதில் நூறில் ஒரு பங்கு. குமிழி எண்ணி விட்டால் போதும், சிலிண்டரைத் திறந்து ஊற்ற வேண்டியதில்லை. அதிகமாக விட்டால் அறைக் காற்றில் கலந்து பின்னணி எண் ஏறி, தேடுகிறவருக்கே கண் மறைத்துவிடும். சின்ன மூடிய அறையில் மூச்சுக்கும் ஆபத்து. ஹீலியம் ஆக்சிஜனை ஒதுக்கிவிடும், வாசனையும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. அந்தப் பின்னறையில் வேலை செய்த நேரம் முழுக்க ஆக்சிஜன் மீட்டர் என் சட்டைப் பையில் இருந்தது.

அதே கூடத்தில், அதே வயதுள்ள இன்னொரு லயோ நிற்கிறது. அதன் டெஸ்ட்கள் எல்லாம் தேறியவை. அடுத்த வாரமே மேடம் அதன் அடிப்பக்கக் கிளாடிங்கைத் திறக்கச் சொன்னார். உள்ளே ராக்வுல் ஈரம், வெல்டிங்கைச் சுற்றி லேசான பழுப்புக் கறை. சாயம் ஊற்றி இருபது நிமிடம் காத்திருந்தோம். சிவப்புக் கோடு எதுவும் எழவில்லை. கறையைக் கழுவி, குளோரைடு இல்லை என்று ஆய்வகத்தில் உறுதி செய்துகொண்டு, அன்று மாலையே புதுக் காப்பை ஏற்றினார்கள்.